எழுந்து நில், கருங்குவளை

உட்காருங்கள் ஐயா, இந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. பையை நான் மடியில் வைத்துக்கொள்கிறேன். ராஜபாளையம் வரைக்குமா? நானும் அங்கேதான். நல்லது, மிக நல்லது. வழியில் இறங்கிவிடுபவராக இருந்தால் வருத்தப்பட்டிருப்பேன். தனியாகப் போக எனக்கு இன்று அச்சமாக இருக்கிறது. பட்டப்பகல், பேருந்து நிறைய ஆட்கள், நரைத்த மீசைக்காரன். இவனுக்கு என்ன அச்சம் என்று நினைப்பீர்கள். பயணச்சீட்டு வாங்கும்போது சில்லறை முழுவதும் கீழே கொட்டிவிட்டது. நடத்துநர்தான் பொறுக்கிக் கொடுத்தார்.

இந்தக் குரலை எங்கோ கேட்டதுபோல் இருக்கிறதா? இருக்கும். கோயில் கொடை விழாவில் கேட்டிருப்பீர்கள், கட்சிக் கூட்டத்தில் கேட்டிருப்பீர்கள், யாராவது கைப்பேசியில் அனுப்பிக்கூடக் கேட்டிருப்பீர்கள். புலவர் வேலாயுதப்பெருமாள். பள்ளியில் தமிழாசிரியர், மேடையில் பட்டிமன்றப் பேச்சாளர். வீட்டிலும் கடையிலும் எனக்கு இதே தமிழ்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். வாய் அப்படிப் பழகிவிட்டது. "உப்பு போதுமான்னு கேட்டா போதும், போதாதுன்னு சொல்லுங்க. அதுக்கு எதுக்கு முன்னுரை?" என்பாள் என் மனைவி பிரேமாவதி.

என் மகள் மதுரையில் மருத்துவமனையில் இருக்கிறாள். ஒரே மகள். சிறுநீரகத்தில் கோளாறு. பிரேமாவதியை அவள் அருகில் விட்டுவிட்டு நான் வீட்டுக்குப் போகிறேன், மகளுடைய அறையைச் சோதிப்பதற்கு. ஒரு டப்பாவைத் தேடுவதற்கு. முகம் வெளுப்பதற்காகப் பூசும் களிம்பு டப்பா. அப்படி ஒன்று இருக்கிறதா, இல்லையா என்றே தெரியாது. இருக்கவேண்டுமே, இருக்கவேண்டுமே என்று மதுரையில் ஏறியது முதல் வேண்டிக்கொண்டு வருகிறேன். யார்? நான்! அந்த வகை டப்பாக்களை எதிர்த்து இந்தப் பக்கத்தில் என்னைப்போல் முழங்கியவர் வேறு எவருமில்லை. முழுவதும் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும்.

அவள் பெயர் கருங்குவளை. ஆம், அதுதான் பெயர். பிறந்தபோது செவிலி துணியில் சுற்றிக் கொண்டுவந்து, "பொண்ணு. கொஞ்சம் கலர் கம்மி, போகப்போக வந்துரும்" என்றாள். ஆறுதல் சொல்கிறாளாம்! எனக்கு நெஞ்சு கொதித்தது. பிறந்து ஒரு நாழிகை ஆகாத உயிருக்கு இந்த நாடு சொல்லும் முதல் சொல் இதுவா? அந்த நிமிடமே முடிவு செய்தேன். உலகம் எதை ஒளிக்கச் சொல்கிறதோ அதையே இவள் நெற்றியில் எழுதுவேன். கருங்குவளை! குளத்தில் பூக்கும் மலர்களில் அதற்கு நிகர் உண்டா? பள்ளியில் பிள்ளைகள் 'டம்ளர்' என்று கூப்பிட்டார்களாம். வேறு ஏதேதோவும் கூப்பிட்டார்களாம். "அப்பா, பேர மாத்திக்கலாமாப்பா? சும்மா குவளைன்னு மட்டும் வச்சுக்கிறேன்" என்று ஒருமுறை கேட்டாள். நான் சிரித்து, "முன்பாதியை வெட்டினால் அது புறமுதுகு காட்டுவதாகும் அம்மா" என்றேன். புரிந்துகொண்டாள். பிறகு கேட்கவே இல்லை.

நிறம் தோலில் இல்லை ஐயா. அதிகாரத்தில் இருக்கிறது. வெயிலில் நின்றவன் கருத்தான், நிழலில் இருந்தவன் வெளுத்தான். பிறகு நிழலில் இருந்தவன் எழுந்து 'வெளுப்பே அழகு' என்று விதி எழுதினான். வெயிலில் நின்றவனும் அதைப் படித்துவிட்டுத் தன் மகளுக்கு மாவு பூசினான். கருவறையில் இருக்கும் சிலை கருப்பு. எண்ணெய் தடவி இன்னும் கருப்பாக்கிக் கும்பிடுகிறோம். படி இறங்கியதும் மருமகளுக்கு வெள்ளைத்தோல் தேடுகிறோம். நம் மண் கரிசல். நம் மழை கருத்த மேகம். நம் கண்ணுக்கு இடுவது கருப்பு மை. எல்லாவற்றிலும் கருப்பைக் கொண்டாடிவிட்டு, பெண்ணின் முகத்தில் மட்டும் அதை அழிக்கப் பார்க்கிறோமே, இது எந்த நியாயம்? இதைத்தான் நான் ஊர் ஊராகச் சொன்னேன். இப்போதும் சொல்கிறேன். இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

என் மனைவி சற்று வெளுப்புதான். பார்த்தவர்கள் கேட்பார்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். அது பெரியவர்கள் பார்த்து வைத்த சம்பந்தம். தற்செயல்.

என் உரையில் ஒரு கதை வரும். ஓர் அரசன். அவனுக்கு இரவைப் பிடிக்கவில்லை. 'இது ஏன் இத்தனை கருப்பாக இருக்கிறது? வெள்ளையடியுங்கள்' என்றான். ஊரே கூடிச் சுண்ணாம்பு கரைத்தது. ஏணி மேல் ஏணி வைத்து வானத்துக்கு வெள்ளையடித்தார்கள். விடியவேண்டிய தேவையே இல்லாமல் போய்விட்டது. ஆனால் தொட்டிலில் பிள்ளை உறங்கவில்லை. மாடு படுத்து அசைபோடவில்லை. மல்லிகை மொட்டு, அவிழ்வதா வேண்டாமா என்று தெரியாமல் காம்பிலேயே வாடியது. நிலவு வந்து எட்டிப் பார்த்து, 'நான் நிற்க இடமில்லையே' என்று திரும்பிப் போயிற்று. அப்போதுதான் அரசனுக்குத் தன் மடமை விளங்கியது.

அந்த இடத்தில் கூட்டம் அப்படியே உறைந்திருக்கும். நான் குரலைத் தாழ்த்துவேன். "தாய்மார்களே, நான் ஊருக்குச் சொல்லிவிட்டு வீட்டில் வேறாக வாழ்பவன் அல்ல. இதோ முன்வரிசையில் என் மகள் இருக்கிறாள். என் இரவு அவள். எழுந்து நில், கருங்குவளை!" என்பேன். அவள் எழுந்து நிற்பாள். கூட்டத்தின் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு. குழல்விளக்கை யாராவது அவள் பக்கம் திருப்புவார்கள். அப்புறம் பாருங்கள் கைதட்டலை! எதிரணிக்காரர்களும் தட்டுவார்கள். நடுவர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

அவளுக்கு ஆறு வயதில் தொடங்கியது அது. விழாக் குழுவினர் தேதி கேட்கும்போதே, "ஐயா, பாப்பாவும் வருதுல்ல? நோட்டீஸ்ல போட்டுட்டோம்" என்பார்கள். சேத்தூர்க்காரர் ஒருவர், "ஐயா, பாப்பா வரலைன்னா கூட்டம் பாதியில எந்திரிச்சுரும்யா" என்றே சொல்லிவிட்டார். எந்தத் தகப்பனுக்குக் கிடைக்கும் இப்படி ஒரு பேறு? எந்த மகளுக்குக் கிடைக்கும்? கருப்பாகப் பிறந்த எத்தனை பெண்கள் சுவரோரமாக ஒதுங்கி நடக்கிறார்கள். என் மகளுக்கு ஆயிரம் பேர் கைதட்டினார்கள்.

அவளுக்குப் பத்து வயதிருக்கும்போது, கூட்டம் முடிந்து வாடகைக் காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். "அப்பா, அந்த ராத்திரிகிட்ட யாராச்சும் கேட்டாங்களாப்பா?" என்றாள்.

"எதை அம்மா?"

"வெள்ளையடிக்கவான்னும் கேக்கல. அடிக்க வேணாமான்னும் கேக்கல. ராஜாவேதான் பேசிட்டிருக்காரு."

எத்தனை நுட்பம் பாருங்கள், அந்த வயதில்! அடுத்த கூட்டத்திலேயே அதை மேடையில் சொன்னேன். சிரிப்பு அடங்கவே வெகு நேரமாயிற்று. தன் சொல் மேடையேறியதில் குழந்தைக்கு எவ்வளவு பெருமையாக இருந்திருக்கும்! அதற்குப் பிறகு வீட்டில் அதிகம் பேசமாட்டாள். அடக்கமான பெண்.

கல்லூரிக்குப் போனதும் கூட்டங்களுக்கு வருவது குறைந்தது. தேர்வு, செய்முறை, தலைவலி. நானும் வற்புறுத்தவில்லை. அவள் வராத கூட்டங்களில் அவள் படத்தைப் பெரிதாக அச்சிட்டு மேடையில் வைத்துக்கொண்டேன். படிப்பை முடித்து, ஊரிலேயே நூற்பாலை அலுவலகத்தில் வேலையும் கிடைத்தது.

திருமங்கலம் தாண்டிவிட்டோமா? இந்த ஓட்டுநர் ஏன் இப்படி ஊர்கிறார்!

புரட்டாசி முடிந்து ஒரு வரன் வந்தது. வந்தது என்பதைவிடத் தேடி வந்தது என்று சொல்லவேண்டும். சங்கரன்கோவில் பையன், வங்கியில் வேலை, பெயர் இளம்பரிதி. தாயாரோடு வந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டு, "ஐயா, உங்க பேச்ச கேட்டப்புறம்தான் கட்டுனா கருப்பான பொண்ணத்தான் கட்டுறதுன்னு முடிவு பண்ணேன்" என்றான். ஒரு சொற்பொழிவாளனுக்கு இதைவிட என்ன விருது வேண்டும்? விதைத்தது என் வாசலிலேயே விளைந்து நிற்கிறது!

குவளை காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவனை நேராகப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள். "கல்யாணத்துக்கு அப்புறம் நீங்களும் என்னைக் கூட்டத்துல எந்திரிச்சு நிக்கச் சொல்வீங்களா?"

"கண்டிப்பாங்க! பெருமையா சொல்வேன்" என்றான் அவன்.

அவள் உள்ளே போய்த் தாயிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். "அவருக்கு நான் வேணாம்மா. அப்பாவோட பேச்சுதான் வேணும். அத ரிக்கார்டு பண்ணி வச்சுக்கச் சொல்லு" என்றாளாம். அவன் தாயார் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "கருப்புக்கே இவ்வளவு ராங்கியா!" என்று போனாள். அன்று இரவு பிரேமாவதி இன்னொன்றும் சொன்னாள். "ஏங்க, ஒரே ஒரு நாள், ஒரே ஒரு கூட்டத்துல, யாருமே திரும்பிப் பாக்காம நடந்து போயிட்டு வரணும்னு இருக்காம் அவளுக்கு. அத சொல்லி அழுவுறா."

கண்ணேறு பட்டுவிட்டது என்று நினைத்தேன். நாலாயிரம் கண்கள் பார்த்த பிள்ளை அல்லவா? பிரேமாவதியிடம் மிளகாய் சுற்றிப் போடச் சொன்னேன்.

ஐப்பசி, கார்த்திகையில் அவள் முகம் மாறத் தொடங்கியது. எல்லோரும் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்தான். எதிர்வீட்டு அம்மாள், "என்ன குவளை, ஆளே கலராயிட்ட! எந்தக் கடை மாவு?" என்று கேட்டாள். "குளிர்சாதன அறையில் வேலை அம்மா, வெயில் படுவதில்லை" என்று நானே பதில் சொன்னேன். எனக்கு அதுதான் காரணமாகப் பட்டது. வேறு எது பட முடியும்? என் வீட்டில் முகப்பவுடர்கூடக் கிடையாது ஐயா. அந்த ஒழுக்கத்தோடு வளர்த்தேன்.

தை பிறந்து சில நாள் கழித்து ஒரு காலையில் அவள் கண் இமைகள் இரண்டும் வீங்கியிருந்தன. தூக்கம் போதவில்லை என்றாள். அடுத்து கால் வீங்கியது. செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாகவே நின்றது. விரலால் அழுத்தினால் எழும்பவில்லை. சிறுநீர் நுரைத்துப் போகிறது என்று தாயிடம் சொல்லியிருக்கிறாள். ஊர் மருத்துவர் சோதித்துவிட்டு, முகத்தைத் தூக்காமலே, "மதுரைக்குக் கூட்டிட்டுப் போங்க, இன்னிக்கே" என்றார்.

மதுரையில் பார்ப்பவர் ஓர் அம்மையார், மருத்துவர் ஜெசிந்தா. நறுக்கென்று பேசுவார். நேற்றுக் காலை படுக்கைக்கு வந்தார். குவளையின் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, "முகத்துக்கு ஏதாச்சும் க்ரீம் போடுறியாம்மா? கலராகுறதுக்கு?" என்று கேட்டார்.

நான் பக்கத்தில் நின்றேன். நெருப்பை மிதித்ததுபோல் இருந்தது. "அம்மா, யாரிடம் யாரைப் பற்றிக் கேட்கிறீர்கள்?" என்றேன். "இவள் கருங்குவளை! வெளுப்பு என்பது வியாபாரிகள் விற்கும் பொய் என்று இந்த நாட்டுக்குச் சொன்னவனின் மகள். இவள் முகத்தில் அந்த நஞ்சு பட்டதென்றால் என் நாவே அழுகிப் போகட்டும்!" அறையே நிமிர்ந்து பார்த்தது. அடுத்த கட்டிலில் நோயாளிக்குத் துணையாக இருந்தவர் எழுந்து, "ஐயா நீங்கதானா! எங்க ஊர்ல பேசிருக்கீங்க. இதான் அந்தப் பாப்பாவா?" என்று எட்டிப் பார்த்தார். நான் ஆமென்று தலையசைத்தேன். மருத்துவர் மறுபடியும் குவளையைக் கேட்டார். "இல்ல மேடம், எதுவும் போடல" என்றாள். சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். களைப்பு.

மருத்துவர் என்னை வெளியே அழைத்தார். நடைபாதையில் வைத்து, "சார், நான் உங்ககிட்ட கேக்கல. அவகிட்ட கேட்டேன்" என்றார்.

"அவள் சார்பில்..."

"அவளுக்கு வாய் இருக்கு சார். இப்ப நான் சொல்றத மட்டும் கேளுங்க. சில க்ரீம்ல பாதரசம் கலக்குறாங்க. பேரே இருக்காது, வெறும் வெள்ளை டப்பா. அது தோல் வழியா உள்ள போய் கிட்னியக் கெடுக்கும். புரதம் எல்லாம் ஒழுகிப் போயிரும். இவளுக்கும் ஒழுகுது. அந்த க்ரீம்தான் காரணம்னா நிறுத்துனாப் போதும், பெரும்பாலும் சரியாயிரும். சின்ன வயசு. அது இல்லைன்னா இது வேற வியாதி. கடுமையான மருந்து ஆரம்பிக்கணும், மாசக்கணக்குல. அதுக்கும் கேக்குமான்னு இப்ப சொல்ல முடியாது."

"சோதனையில் தெரியாதா அம்மா?"

"அனுப்பிருக்கேன். வெளியூர்ல இருந்து ரிசல்ட் வர நாளாகும். அதுவரைக்கும் வீக்கம் காத்திருக்காது. நாளைக் கழிச்சு முடிவெடுக்கணும். இன்னொண்ணு சார். ஒருவேளை அவ போட்டுட்டிருந்து, இங்க ஆஸ்பத்திரியிலயும் ஒளிச்சு வச்சுப் போட்டுட்டிருந்தா, நான் குடுக்குற எந்த மருந்துக்கும் அர்த்தமே இல்ல."

ஒரு மனிதன் கையில் இப்படி ஒரு தராசைக் கொடுக்கலாமா ஐயா? ஒரு தட்டில் என் மகள் பொய்க்காரி. இன்னொரு தட்டில் என் மகள் நோயாளி, எத்தனை நாளைக்கோ, ஆயுள் முழுவதுமோ. நேற்றுவரைக்கும் கேட்டிருந்தால் சத்தியம் செய்திருப்பேன். நேற்றிரவு பெஞ்சில் உட்கார்ந்து, 'பொய்க்காரியாக இருக்கட்டும், இறைவா, பொய்க்காரியாகவே இருக்கட்டும்' என்று அழுதேன். இன்று காலையில் குனிந்து அவள் நெற்றியில் திருநீறு பூசியபோது, தோல் வழவழவென்று வழுக்கியது. வியர்வையா, வேறு ஏதாவதா? கேட்கலாம் என்று வாய் திறந்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

தாயிடமாவது சொல்வாள் என்று பார்த்தோம். "உங்கிட்ட சொன்னா அது அப்பாகிட்டப் போயிரும்மா" என்றாளாம். அதற்கு என்ன பொருள்? தகப்பனிடம் போனால் என்ன? நான் அவளை ஒருநாளும் அடித்ததில்லை. அதட்டியதுகூட இல்லை. கொண்டாடினேன், வாழ்நாள் முழுவதும் கொண்டாடினேன். அப்படிப்பட்ட தகப்பனிடம் ஒரு பிள்ளை எதற்காக ஒளிக்கவேண்டும்? அந்த வியாபாரிகள் ஒளிக்கவும் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். நூற்பாலையில் எவளோ ஒருத்தி விற்றிருப்பாள். சினிமாக்காரன் தூண்டியிருப்பான். இந்தச் சமுதாயமே சேர்ந்து செய்த சதி ஐயா இது, இதற்குப் பின்னால்...

பொறுங்கள். கைப்பேசி. பிரேமாவதி.

சொல்லு. ... என்ன? ... கொடு, அவளிடமே கொடு. ... அம்மா, சொல்லம்மா. அப்பாதான். ...

...

வைத்துவிட்டாள்.

என் பக்கம் திரும்புங்கள் ஐயா. நான் என்ன தவறாகச் சொன்னேன்? நீங்கள் பக்கத்தில் இருந்து கேட்டீர்களே! அவள் குரல் உங்களுக்குக் கேட்டிருக்காது, நான் சொல்கிறேன். "அப்பா, வீட்டுக்கா போறீங்க?" என்றாள். ஆமென்றேன். "அப்பா, ஒண்ணு கேக்குறேன். ஒருவேளை... சும்மா ஒரு பேச்சுக்கு... அப்படி ஏதாச்சும் ஒண்ணு நான் போட்டிருந்தேன்னு வைங்க. அத மேடையில சொல்வீங்களா?" என்றாள்.

நீங்களே கேட்டீர்கள், நான் என்ன சொன்னேன் என்று. உள்ளத்தில் இருந்ததைச் சொன்னேன். "அம்மா, நீ பிழைத்து எழுந்து அதை நாலு பேருக்குச் சொன்னால் ஆயிரம் பெண்கள் பிழைப்பார்களே! உன் முகத்தைப் பார்த்தே அவர்கள் திருந்துவார்களே!" என்றேன். இது பொய்யா? இதில் தவறு உண்டா? ஒரு நஞ்சு ஊரெல்லாம் விற்கப்படுகிறது. அதைப் பூசிப் பிழைத்த ஒருத்தி எழுந்து நின்று சொன்னால் அதைவிடப் பெரிய அறம் எது?

"அப்ப இல்லப்பா. எதுவுமே இல்ல. நீங்க தேட வேணாம்" என்றாள். வைத்துவிட்டாள்.

அவள் குரலில் அச்சம் இருந்தது ஐயா. நான் நூற்றுக்கணக்கான மேடை பார்த்தவன், குரலைக் கேட்டால் எனக்குத் தெரியும். நோய்க்கு அஞ்சுகிறவளின் குரல் இல்லை அது. அது எனக்குத் தெரியும், இரண்டு நாளாக அந்த நடைபாதையில் எத்தனையோ பேர் குரலில் அதைக் கேட்டுவிட்டேன். இது வேறு. வேறு எதற்கோ அஞ்சுகிறாள். எதற்கு என்று சொல்லுங்கள், எனக்கு விளங்கவில்லை.

பொறுங்கள், திரும்பக் கூப்பிடுகிறேன். மேடையில் சொல்லமாட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு சொல்தானே. அதில் எனக்கு என்ன குறைந்துவிடும்? சொல்லமாட்டேன். பெயரைச் சொல்லாமல் பொதுவாகக்கூட... இல்லை, இல்லை, பொதுவாகவும் சொல்லமாட்டேன்.

எடுக்கவில்லை.

ஒலித்து ஒலித்து நிற்கிறது. எடுக்கவில்லை ஐயா.

பிரேமாவதியின் கைப்பேசியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறாள். என் பெயர் அதில் ஒளிர்வதைப் பார்த்துக்கொண்டே படுத்திருக்கிறாள். இது எந்த ஊர்? கிருஷ்ணன்கோவிலா? இதோ ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துவிடும். அப்புறம் ராஜபாளையம். நான் போய் எதைத் தேடுவது? அவள் அறையில் எது எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. மேசை எந்தப் பக்கம் என்று கேட்டால்கூடச் சொல்லத் தெரியாது. தேடிக் கிடைக்காவிட்டால், இல்லை என்று அர்த்தமா, எனக்குத் தெரியவில்லை என்று அர்த்தமா? மருத்துவமனையில் தலையணை உறைக்குள் இருந்தால்? நாளைக் காலையில் அந்த அம்மையார் வந்து கேட்பார். 'இல்லை மேடம்' என்பாள். அந்தக் கடுமையான மருந்தைத் தொடங்கிவிடுவார்கள். ஒரு பக்கம் இவள் நஞ்சைப் பூசிக்கொண்டிருக்க, இன்னொரு பக்கம் அவர்கள் மருந்தை ஏற்றிக்கொண்டிருக்க...

வேண்டாம். நினைக்கமாட்டேன்.

ஐயா, உங்கள் பெயர்கூட நான் கேட்கவில்லை. வேண்டாம், சொல்லவேண்டாம். எனக்குத் தெரியாமல் இருப்பதே நல்லது. உங்களிடம் கைப்பேசி இருக்கிறதல்லவா? உங்கள் எண் அவளுக்குத் தெரியாது. அவளுடைய கைப்பேசிக்கே கூப்பிடுங்கள், தெரியாத எண்ணென்றால் எடுப்பாள். அலுவலகத்திலிருந்து விடுப்பு பற்றிக் கூப்பிடுகிறார்கள் என்று நினைப்பாள். நீங்கள் பேசுங்கள். என் குரலை எங்கோ கேட்டிருந்தாலும், நீங்கள் எங்கள் ஊர்க்கூட்டத்தில் உட்காருபவர் இல்லை. அவள் எழுந்து நின்றதைப் பார்த்தவர் இல்லை. ராஜபாளையத்தில் இறங்கி உங்கள் வழியில் போய்விடுவீர்கள். அவளுக்கு நீங்கள் யாரோ. அதுதான் எனக்கு வேண்டும்.

என்னிடம் சொல்லவேண்டாம் என்று சொல்லுங்கள். தாயிடமும் வேண்டாம். அந்த மருத்துவர் அம்மாவிடம் மட்டும், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அவள் காதில் மட்டும் சொன்னால் போதும். இருந்ததா, இல்லையா என்று நான் கேட்கவேமாட்டேன். நான் செத்துப்போகும்வரை கேட்கமாட்டேன். எனக்குத் தெரியவேண்டியது அவள் பிழைப்பாளா என்பது மட்டும்.

எப்படித் தொடங்குவதென்றா கேட்கிறீர்கள்?

'அம்மா, நான் உன் அப்பாவின்...' வேண்டாம், நண்பர் என்று சொல்லாதீர்கள். 'நீ ஒரு வீரமகள்...' ஐயோ, அது வேண்டவே வேண்டாம். 'உன்னைப்போல் எத்தனையோ பெண்கள்...' இல்லை, இல்லை. எத்தனையோ பெண்களை விட்டுவிடுங்கள். இரண்டு மணி நேரம் தாளில்லாமல் பேசுகிறவன் ஐயா நான். நடுவர் மணியடித்தாலும் நிறுத்தமாட்டேன். இப்போது ஒரு வாக்கியம் வரவில்லை. எல்லாமே மேடையிலிருந்து வருகிறது. நான் எதைச் சொல்லிக்கொடுத்தாலும், 'இது எங்கப்பா சொல்லிக்குடுத்தது' என்று முதல் சொல்லிலேயே கண்டுபிடித்துவிடுவாள்.

நீங்களே பேசுங்கள். உங்கள் பேச்சில் பேசுங்கள். அவளைப் பற்றி ஒன்றும் தெரியாதவர் பேசுவதுபோல. முதலில், 'சாப்பிட்டியாம்மா' என்று கேளுங்கள். அல்லது அதுவும் வேண்டாம், உங்களுக்கு என்ன வருகிறதோ அது. அவள் பேசினால் நடுவில் பேசாதீர்கள். அவள் ஒன்றும் பேசாவிட்டாலும் வைத்துவிடாதீர்கள்.

இதோ எண். ஒன்பது, நான்கு... நானே அழுத்துகிறேன், கொடுங்கள். அழுத்திவிட்டேன், நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒலிக்கிறதா? ஒலிக்கிறதா ஐயா?

நான் அந்தப் பின் இருக்கைக்குப் போய்விடுகிறேன். என் மூச்சுச் சத்தம்கூட அவளுக்குக் கேட்கக் கூடாது. பக்கத்தில் அப்பா இருக்கிறாரா என்றுதான் முதலில் கேட்பாள். இல்லை என்று சொல்லுங்கள். சத்தியமாக இல்லை என்று சொல்லுங்கள். இதோ, எழுந்துவிட்டேன்.

எடுத்துவிட்டாளா? பேசுங்கள் ஐயா, பேசுங்கள்.